"அலர்ஜி வராத நாய்" என்று சொல்லி விற்கிறார்களே, வாங்கலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. கோவையில் மூன்றாவது மாடி ஃபிளாட், ஏழு வயது மகள். மூன்று வருடமாக மழைக்காலம் வந்தால் வீசிங். காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல். பாப்பா நாய்க்குட்டி கேட்டு அடம் பிடிக்கிறாள். குட்டி விற்பவர் ஒருவர், "ஷிட்சு வாங்குங்க சார், முடியே கொட்டாது, அலர்ஜியே வராது" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். எந்த இனம் வாங்கலாம் என்பது கேள்வி.

நான் மதுரைப் பக்கம் இருபத்தைந்து வருடமாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறவன். நாயைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். குழந்தையின் நெஞ்சைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் அவளைப் பார்க்கும் டாக்டர். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஷிட்சு விஷயம். முடி கொட்டாது என்று அவர் சொன்னது ஏறக்குறைய சரி. அலர்ஜி வராது என்றது தப்பு. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்கிறார்.

குழந்தையைத் தும்ம வைப்பது முடி இல்லை. நாயின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் செதிலிலும், மூத்திரத்திலும் இருக்கிற சில புரதங்கள். அவற்றில் முதன்மையானதன் பெயர் கேன் எஃப் 1. நாயின் அறிவியல் பெயரான கேனிஸ் ஃபமிலியாரிஸ் என்பதைச் சுருக்கி, கண்டுபிடித்த வரிசைப்படி எண் போட்டிருக்கிறார்கள். நாய் உடம்பை நக்குகிறது, எச்சில் முடியில் காய்கிறது, செதிலோடு சேர்ந்து பொடியாகி உதிர்கிறது. எச்சில் சுரக்காத நாய் உண்டா? தோல் உரியாத நாய் உண்டா?

என் கிளினிக் மேசையில் கறுப்பு ரெக்ஸின் விரித்திருக்கிறேன். "எங்க குட்டிக்கு முடியே கொட்டாது டாக்டர்" என்று பெருமையோடு ஷிட்சுவைத் தூக்கி வைப்பார்கள். பல் நெருக்கமான சீப்பை எடுத்து முதுகில் வாலிலிருந்து தலைப்பக்கமாக, முடிக்கு எதிர்வாக்கில் நாலு இழுப்பு இழுப்பேன். முடி ஐந்தோ ஆறோ வரும். ரெக்ஸின் மேலே மட்டும் மைதா மாவைச் சல்லடையில் தட்டினது மாதிரி வெள்ளைப் பொடி படிந்திருக்கும். லேசாக ஊதினால் எழும்பி டியூப்லைட் வெளிச்சத்தில் மிதக்கும். கண்ணுக்குத் தெரிகிற பொடியே அவ்வளவு நேரம் மிதக்கிறது என்றால், தெரியாத துகள் மணிக்கணக்கில் அறைக்குள் சுற்றும். உங்கள் மகள் மூச்சில் இழுக்கப்போவது அதைத்தான்.

இது என் மேசைக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்டில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனைக்காரர்கள் ஒரே ஒரு நாய் வளர்க்கும் 173 வீடுகளில் தூசி எடுத்து அளந்து 2011ல் வெளியிட்டார்கள். "அலர்ஜி குறைந்த இனம்" இருந்த வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் வித்தியாசமே இல்லை. அடுத்த வருடம் நெதர்லாந்தில் நேராக நாய்களின் உடம்பிலிருந்தே முடியை எடுத்துப் பார்த்தார்கள். பூடில், லாப்ரடாரும் பூடிலும் கலந்த லாப்ரடூடில், ஸ்பானிஷ் வாட்டர் டாக், ஏர்டேல் டெரியர் ஒரு பக்கம். லாப்ரடாரும் மற்ற நாய்களும் இன்னொரு பக்கம். நல்ல பெயர் வாங்கிய நாய்களின் முடியில்தான் கேன் எஃப் 1 அதிகம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. முடி கொட்டாவிட்டால் செதிலும் எச்சிலும் போக வழியில்லாமல் அங்கேயே சிக்கிக் கிடக்கும். வீட்டுத் தரைத் தூசியில் மட்டும் லாப்ரடூடிலுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. காற்றில் அந்த வித்தியாசமும் இல்லை.

அந்த நெதர்லாந்து ஆய்வில் உங்களுக்கு வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. இனத்துக்கு இனம் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே இனத்துக்குள் நாய்க்கு நாய் உள்ள வித்தியாசம் பெரிது. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று உங்கள் மகளுக்கு ஒத்துப்போகலாம், மற்றது போகாமல் இருக்கலாம்.

லாப்ரடூடில் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. ஹவாயில் பார்வை இல்லாத ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. கணவருக்கு நாய் அலர்ஜி. ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய் சங்கத்தில் இருந்த வாலி கான்ரன் முதலில் பூடில்களையே பழக்கிப் பார்த்தார். முப்பதுக்கு மேல் முயன்றும் ஒன்றும் அந்த வேலைக்குத் தேறவில்லை. கடைசியில் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்து 1989ல் மூன்று குட்டிகள் எடுத்தார். குட்டிகளின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. மூன்றில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. சுல்தான் என்று அதற்குப் பெயர். தாய் ஒன்று, தகப்பன் ஒன்று, மூன்றில் ஒன்று. உலகம் பிடித்துக்கொண்டதோ இனத்தின் பெயரை மட்டும். பின்னாளில் கண்டவர்களும் கண்ட நாயைப் பூடிலோடு சேர்த்து விற்பதைப் பார்த்து, இதை ஏன் ஆரம்பித்தேன் என்று கான்ரனே வருந்தினார். ஒபாமா குடும்பமும் மூத்த மகளின் அலர்ஜிக்காகத் தேடித்தான் 2009ல் போர்ச்சுகீசிய வாட்டர் டாக் ஒன்றை வெள்ளை மாளிகைக்குக் கொண்டுவந்தது. அந்த நாய் அந்தப் பெண்ணுக்குச் சரிப்பட்டது. அதற்குமேல் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஆக, இனத்தைத் தள்ளி வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி: உங்கள் மகளுக்கு நாய் அலர்ஜிதான் என்று யார் சொன்னது?

நீங்கள் எழுதியதில் மழைக்காலமும் காலைத் தும்மலும் இருக்கின்றன. நாயைத் தொட்டு ஏதாவது ஆனதாக ஒரு வரிகூட இல்லை. படுக்கையை விட்டு எழும்போது தும்மல் என்றால் மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிமேல்தான் முதல் சந்தேகம் போக வேண்டும். ஈரக்காலம் அதற்குக் கொண்டாட்டம். கரப்பான்பூச்சியின் எச்சமும் நம் ஊர் வீடுகளில் வீசிங்குக்குப் பெரிய காரணம். வெளியே சீமைக்கருவேல மகரந்தம், பார்த்தீனியம்.

ஒரு குடும்பம் ஞாபகம் வருகிறது. பையனுக்கு இளைப்பு வந்ததும் பாட்டி நாயைக் கைகாட்டிவிட்டார். நாலு வயது நாட்டு நாய், மணி என்று பெயர். உசிலம்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழெட்டு மாதம் ஆகியும் இளைப்பு நிற்கவில்லை. பிறகுதான் கையில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட் எடுத்தார்கள். தூசிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் கை நன்றாகத் தடித்தது, நாய்க்கு ஒன்றுமில்லை. அந்த அப்பா ரிப்போர்ட்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "இப்ப மணியைக் கூட்டிட்டு வரலாமா டாக்டர்?" என்றார். மணி அங்கே ஆட்டுக்கிடைக்குக் காவலாகி இரண்டு சுற்று பெருத்திருந்தது. வந்த வழியே திரும்பிப் போனார்.

அதனால் அலர்ஜி பார்க்கும் டாக்டரிடம் முதலில் போங்கள். முன்கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் ஸ்கின் ப்ரிக் டெஸ்ட் எடுக்கலாம், அல்லது ரத்தத்தில் ஐஜிஇ, அதாவது அலர்ஜியைக் காட்டும் எதிர்ப்புப் புரதம், பார்க்கலாம். தோல் டெஸ்ட் என்றால் ஒரு வாரம் முன்பே சிட்ரிசின் மாதிரி மருந்துகளை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாமல் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள்; இன்ஹேலரை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். ரத்த டெஸ்டுக்கு எதையும் நிறுத்தத் தேவையில்லை. டெஸ்டில் "நாய்: பாசிடிவ்" என்று வந்தாலும் அது பாதிதான். உடம்பு நாயை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் போனால் நிச்சயம் இளைக்கும் என்று அர்த்தம் இல்லை.

பாசிடிவ் வந்தால் டாக்டரிடம் இன்னொன்று கேளுங்கள். நாய் விற்கிறவர் இதைச் சொல்லிக் கேட்டதே இல்லை. நாய்ப் புரதங்களில் கேன் எஃப் 5 என்று ஒன்று உண்டு. அது ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் மட்டும் உண்டாகி மூத்திரத்தோடு வெளியே வருவது. பெண் நாயிடம் கிடையாது. ஐரோப்பாவில் பார்த்ததில் நாய் அலர்ஜி உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த ஒன்று மட்டும்தான் ஆகவில்லை. அப்படிப்பட்ட குழந்தை ஆண் நாயிடம் தும்மும், பெண் நாயோடு உருண்டு புரளும். புரதம் புரதமாகப் பிரித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை எல்லா லேபிலும் இருக்காது, செலவும் கூடுதல். ஆனாலும் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் கூட இருக்கப்போகிற ஜீவனுக்காக ஒரு தடவை செலவழிக்கலாம். ஆண் நாய்க்குக் கருத்தடை செய்தால் இந்தப் புரதம் வெகுவாகக் குறைந்துவிடும். இன்னொன்று: ஆண்குட்டிக்கு அது பருவத்துக்கு வந்த பிறகுதான் சுரக்கும். கடையில் இரண்டு மாதக் குட்டியைப் பாப்பா மடியில் வைத்து, "பாருங்க, தும்மவே இல்லை" என்று காட்டுவது எந்த அளவுக்குச் சோதனை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி, எந்த நாய் என்ற கேள்விக்கு. வளர்ந்த நாய், பெண், கருத்தடை ஆனது, உருவத்தில் சிறியது அல்லது நடுத்தரம், வாயொழுகாதது, குட்டை முடி. இது என் வரிசை. இதில் இனப் பெயரே இல்லை என்பதைக் கவனியுங்கள். வளர்ந்த நாயைச் சொல்வதற்குக் காரணம், அதனிடம் இருப்பது இருக்கிறபடியே தெரிந்துவிடும். சின்ன நாய் என்றால் உதிர்கிற தோலும் அந்த அளவுக்குக் குறைவு. வாயொழுகும் நாய்கள், அதாவது பாக்ஸர், புல்டாக், செயின்ட் பெர்னார்டு வகை, சுவரெல்லாம் எச்சில் தெளித்து வைக்கும். மேலே சொன்ன கதையெல்லாம் எச்சிலில்தான் ஆரம்பித்தது.

நம் ஊரில் ஆளுக்கு ஆள் சொல்லும் இனங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாப்ரடார் வருடம் முழுக்க முடி கொட்டும். மின்விசிறி இறக்கையில்கூட இருக்கும். பொமரேனியன் என்று நாம் கூப்பிடுகிற வெள்ளை ஸ்பிட்ஸ் அதற்கு அண்ணன். முடி தானாக அலர்ஜி தராவிட்டாலும் பொடியைச் சுமந்துபோய்ச் சோபாவில் சேர்க்கும் வண்டி அதுதான். ஷிட்சுவுக்கு முடி கொட்டாததால் சிக்கு விழும். தினம் சீப்பு போடாவிட்டால் ஒரே மாதத்தில் சடை பிடித்து உள்ளே புண் வைக்கும். மூக்கு சப்பை, கண் பிதுக்கம், மே மாத வெயிலில் மூச்சுக்குத் திணறும். வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இளைக்கும்போது இன்னொன்றும் இளைக்க வேண்டுமா? பூடில் நல்ல புத்திசாலி. ஆறு வாரத்துக்கு ஒரு முறை முடி வெட்டுவதற்கு ஆளும் பணமும் இருந்தால், இனமாக ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், சின்ன ரக பூடில் என்பேன். அலர்ஜி வராது என்பதற்காக அல்ல. வீட்டில் முடி பறக்காமல் இருந்தால் துடைப்பது சுலபம் என்பதற்காக மட்டும்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் பற்றி எங்கள் பக்கத்து ஆள் நான் பேசாமல் இருக்க முடியாது. குட்டை முடி, சுத்தமான உடம்பு, வாயொழுகாது. இவ்வளவும் இருந்தும் மூன்றாவது மாடிக்கு வேண்டாம். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டப் பிறந்தவை. கால் நீட்டி ஓட இடம் இல்லாவிட்டால் வீட்டைக் கடித்துத் தீர்க்கும். ராஜபாளையம் ஓர் ஆளுக்கு அடங்கும், வருகிறவர் போகிறவரை நம்பாது. காது கேளாமல் பிறக்கும் குட்டிகளும் அதில் உண்டு. லிஃப்டில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு அதைக் கூட்டிப்போக முடியுமா?

என் சொந்தச் சாய்வு நாட்டு நாய்க்குத்தான். இரண்டு மூன்று வயது, தடுப்பூசி போட்டு, கருத்தடை ஆன பெண் நாய்களைத் தத்து கொடுக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கிற பெரிய வசதி, நாயைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க விடுவார்கள். சரிப்படாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்வார்கள்.

அந்தப் போய்ப் பார்ப்பதுதான் உங்களுக்கு உண்மையான டெஸ்ட். டாக்டர் சம்மதித்த பிறகு, பாப்பாவுக்குச் சளி இல்லாத நாளாகப் பார்த்து, இன்ஹேலரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். முதல் நாள் வெளியே, காற்றோட்டத்தில் இருபது நிமிடம் போதும். ஒரு வாரம் விட்டு அடுத்த தடவை கதவு சாத்திய அறைக்குள் ஒரு மணி நேரம்; தடவட்டும், மடியில் போட்டுக்கொள்ளட்டும். மூன்றாவது தடவை அரை நாள். நாய் நக்கின இடத்தில் தோல் சிவந்து தடிக்கிறதா, கண்ணைக் கசக்குகிறாளா என்று பாருங்கள். ஆனால் வீட்டுக்குத் திரும்பி, "ஒண்ணும் ஆகலைப்பா" என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அலர்ஜிக்கு இரண்டாவது அலை உண்டு. நாலிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து வரும். சாயங்காலம் நாயைப் பார்த்த குழந்தைக்கு நடுராத்திரி இருமல் எடுக்கும், நாம் ஐஸ்கிரீமைக் குறை சொல்வோம். பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஊதிப் பார்க்கும் சின்னக் குழாய் ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும். காலையும் மாலையும் ஊதச் சொல்லி நாள்காட்டியிலேயே எண்ணைக் குறித்து வாருங்கள். நாயைப் பார்த்த மறுநாள் எண் இறங்குகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

மூன்று தடவையும் தேறினால் ஒரு மாதத்துக்கு வீட்டில் வைத்துப் பாருங்கள், திருப்பித் தரலாம் என்று பேசிக்கொண்டு. வீட்டுக்குள் நாய்ப்பொடி சேர வாரக்கணக்கு ஆகும். முதல் வாரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. பாப்பாவிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏழு வயசுக்குப் புரியும்.

நாய் வந்தபின் வீட்டில் ஒரே ஒரு சட்டத்தில் பிடிவாதமாக இருங்கள்: பாப்பா தூங்கும் அறைக்குள் நாய் கால் வைக்கக் கூடாது. மழை என்றாலும், இடி என்றாலும், "பாவம்ப்பா" என்றாலும். நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதானால் அந்த அறைக்கு வாங்குங்கள். இலவம்பஞ்சு மெத்தைக்கு இறுக்கமான உறை, விரிப்பை வாரம் ஒரு முறை கொதி சூட்டுத் தண்ணீரில் அலசி வெயிலில் காயப் போடுவது. இது நாய்க்கும் தூசிப்பூச்சிக்கும் சேர்த்து. நமக்கு ஓர் அதிர்ஷ்டம், வெளிநாட்டு வீடு மாதிரி தரை முழுக்கக் கம்பளம் கிடையாது. டைல்ஸ் தரையை விளக்குமாறால் கூட்டிப் பொடியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தால் பாதி வேலை முடிந்தது. நாயைக் குளிப்பாட்டினால் முடியிலுள்ள புரதம் நன்றாகக் குறைகிறது, ஆனால் மூன்று நாளில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே வாரம் இரண்டு முறை, நாய்க்கான மென்மையான ஷாம்பூவில். நம் சோப்பைப் போட்டால் தோல் வறண்டு செதில் இன்னும் கூடும். குளிப்பாட்டுவதும் சீப்பு போடுவதும் அப்பா வேலை, பால்கனியில்.

யாரும் நினைக்காத ஒன்று: உண்ணிக்குப் பவுடர் தூவுவார்கள். நாய் உதறும்போது அந்தப் பவுடரே குழந்தைக்கு இருமலைக் கிளப்பும், பழி நாய்மேல் விழும். மாத்திரையாகவோ, கழுத்தில் விடும் சொட்டு மருந்தாகவோ கேட்டு வாங்குங்கள். அதே கணக்கில் கொசுவர்த்திச் சுருளையும், வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையையும் இப்போதே நிறுத்தலாம்; நாய் வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

வீசிங்குக்காகப் போன ஒரு வருடத்துக்குள் பாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்திருந்தால், அல்லது தினமும் இன்ஹேலர் எடுத்தும் ராத்திரித் தூக்கம் கெடுகிறது என்றால், இந்த வருடம் நாய் வேண்டாம். முதலில் அது கட்டுக்குள் வரட்டும். "கொஞ்ச நாள் இளைச்சா பழகிடும்" என்று சொல்கிற சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பிறந்ததிலிருந்து நாயோடு வளர்ந்த குழந்தைகளின் கதை வேறு. அலர்ஜி வந்துவிட்ட ஏழு வயதுக் குழந்தையை நாயோடு விட்டுப் பழக்குவது வேறு. அதைச் செய்யாதீர்கள். முயலும் பூனையும் மாற்று ஆகாது, பூனை நாயைவிட மோசம். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வளர்த்தால் வனத்துறை வீட்டுக்கு வரும். மீன்தொட்டி வைக்கலாம், தீனி போடுவது மட்டும் பெரியவர்களாக இருக்கட்டும். காய்ந்த புழுத் தீனியும் சிலருக்கு அலர்ஜி தரும்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அந்த விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். குட்டியின் தாயோடு என் மகளை மூன்று தடவை உட்கார வைக்க விடுவீர்களா? ஒரு மாதத்தில் சரிப்படாவிட்டால் குட்டியை எடுத்துக்கொண்டு பணம் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுப்பீர்களா? "அலர்ஜியே வராது" என்று நம்புகிறவருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. மழுப்பினால், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஃபோன் செய்யாமல் திங்கட்கிழமைக்கு அலர்ஜி டாக்டரிடம் டோக்கன் போடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் அதில் கேன் எஃப் 5 பார்த்திருந்தால் அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஆணா பெண்ணா என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.